பொறுத்தலும் விடைபெறுதலும்

  

மலர்க் குழுவிலிருந்து ஃபோன் வந்தபோது, "பாலம் கட்டறதைப் பத்தி டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றுதான் கேட்டார்கள். நானும் சரியென்று தலையாட்டினேன். எழுத உட்கார்ந்தால் பேனா வேறு பக்கம் போகிறது. நான் சிவில் படித்தவன், பிழைப்பு பாலங்களோடு. தமிழ்ப் புலவன் அல்லன். ஆனாலும் சில வருஷங்களாகச் சில சொற்களின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு மனிதர்கள் என்னென்ன சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? விடைபெறுவதற்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? அவை எங்கிருந்து வந்தன? அகராதிகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபைனல் இயரில் நானும் என் ரூம்மேட்டும் ஒரே ப்ராஜெக்ட். ராத்திரி இரண்டு மணி வரை விழித்து டிசைன் கணக்கு முழுவதையும் போட்டவன் அவன். நான் ட்ராயிங் போட்டேன், டைப்பிங், பைண்டிங் என்று அலைந்தேன். வைவா அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இந்தக் கணக்கு யார் போட்டது? நல்லா வந்திருக்கே" என்றார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான், "நான்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

ஹாஸ்டல் காலி செய்த அன்று காலை, அவன் மெஸ்ஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை, போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இரண்டையும் சொல்லாமல் வந்தவனுக்கு அந்தச் சொற்களின் மேல் ஒரு கண் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

மண் தாங்குவது போல

மன்னிப்பதற்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொல் 'பொறுத்தல்'. 'பொறை' என்றால் சுமை, பாரம். பாரத்தைத் தாங்கும் குணத்துக்கும் அதே 'பொறை'தான் பெயர். பொறுமை, பொறுப்பு எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. திருக்குறளின் 16-ஆம் அதிகாரம் பொறையுடைமை. தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கி நிற்கும் நிலத்தைக் காட்டித்தான் வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

சிவில் படித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டடமானாலும் நாம் முதலில் கேட்கிற கேள்வி, 'இந்த மண் எவ்வளவு தாங்கும்?' என்பதுதானே! மண்ணின் தாங்குதிறன் தெரியாமல் அஸ்திவாரம் போட முடியாது. வடமொழியிலும் இதே கதைதான். 'க்ஷமா' என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள், பூமி என்றும் பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பொறுத்துக்கொள்' என்று கேட்பவன், தான் செய்தது தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பாரம் பாரமாகவே இருக்கிறது. அதை எதிராளியின் தோளில் ஏற்றி, 'சுமந்துகொள்ள முடியுமா?' என்று கேட்கிறான். தப்பு செய்தவன் ஒருவன், சுமப்பவன் மற்றவன்! யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அநியாயமான ஏற்பாடுதான். அதனால்தான் அதை உத்தரவாகப் போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

அதே அதிகாரத்தில், பிறர் எல்லை மீறிச் செய்ததற்கு வள்ளுவர் ஆளும் சொல் 'இறப்பு'. இறத்தல் என்றால் கடத்தல். வரம்பு கடப்பதும் இறப்பு. வாழ்வைக் கடப்பதும் இறப்பு. முதல் பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது. இரண்டாவது மட்டும் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மீறலைப் பொறுப்பது நல்லது, மறந்துவிடுவது அதைவிட நல்லது என்பது அவர் கருத்து.

மாப்பு, மன்னிப்பு, ஸாரி

'மன்னிப்பு' என்பது உருதுச் சொல் என்று சிலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உருதுவில் உள்ள சொல் 'மாஃபி'. அதற்கு மூலம் அரபு. அது தமிழுக்கு வந்தபோது 'மாப்பு' ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் மன்னிப்புக்குச் சாதாரணமாக வழங்கும் சொல் 'மாப்பு'தான். நவாபுகள் காலத்து நில வருவாய்க் கணக்குகளில் வரி தள்ளிக் கொடுத்த நிலத்துக்கும் 'மாஃபி' என்ற பெயர் உண்டு. அந்த அரபு வேரின் பழைய பொருள் அழகானது. மணலில் பதிந்த காலடித் தடத்தைக் காற்று வந்து அழித்துவிடுகிறதல்லவா? அந்த அழித்தலைக் குறிக்கும் வேர் அது. பாலைவனத்து மக்களுக்கு மன்னிப்பு என்றால் தடம் அழிவது. விவசாயிக்கு மன்னிப்பு என்றால் மண் தாங்குவது. அவரவர் காலுக்குக் கீழே இருப்பதிலிருந்து அவரவருக்குச் சொல் கிடைத்திருக்கிறது.

'மன்னி' என்பது வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் அது இருக்கிறது. தெலுங்கில் 'மன்னிஞ்சு', கன்னடத்தில் 'மன்னிசு' என்று பக்கத்து வீடுகளிலும் இருக்கிறது. அங்கெல்லாம் அதற்கு மன்னித்தல் என்ற பொருளோடு மதித்தல், மரியாதை செய்தல் என்ற பொருளும் உண்டு. அதாவது, மன்னிக்கிறவர் மறுபடி உங்களை ஒரு மனிதனாக மதிக்கிறார். கத்தோலிக்கக் குடும்பத்து நண்பர்களுக்கு இன்னொரு சாட்சியும் தெரிந்திருக்கும். அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்து ஜெபத்தில் 'பொறுத்தருளும்' என்று இருந்தது, பிற்பாடு திருத்திய ஜெபத்தில் 'மன்னியும்' என்று மாறியிருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே வீட்டில், இரண்டு தலைமுறையின் வாயில்!

நம்முடைய தலைமுறைக்கு வாய்த்தது 'ஸாரி'. காலை மிதித்தாலும் ஸாரி, கழுத்தை அறுத்தாலும் ஸாரி. ஆனால் அந்தச் சொல்லும் லேசானதல்ல. பழைய ஆங்கிலத்தில் அது புண்ணின் வலியைக் குறித்த சொல்லோடு பிறந்தது. ஸாரி என்றால் 'எனக்கு வலிக்கிறது' என்று அர்த்தம். நாம் சொல்கிற ஸாரிகளில் எத்தனைக்கு வலி இருக்கிறது என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

'அப்பாலஜி' என்பதன் கதையோ தலைகீழானது. கிரேக்கத்தில் அது குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எடுத்துச் சொல்லும் வாதம். கி.மு. 399-இல் சாக்ரடீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நின்று பேசியதை பிளேட்டோ எழுதிய நூலுக்கு அதுதான் பெயர். அதில் சாக்ரடீஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை! தன் செயலுக்கு நியாயம் சொல்வதைக் குறித்த சொல், காலப்போக்கில் 'என் பேரில்தான் தப்பு' என்று ஒப்புக்கொள்வதைக் குறிக்க வந்துவிட்டது. இன்றைக்கும் பல பேர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, பாதியில் பழைய கிரேக்க அர்த்தத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். "ஸாரிடா, ஆனா நீயும் அன்னிக்கு என்ன பண்ணினே தெரியுமா..."

மறதியும் விடுதலையும்

வள்ளுவர் மறத்தலை உயர்த்திச் சொன்னாரென்றால், ஏதென்ஸ் நகரத்தார் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். முப்பது பேர் கொண்ட கொடுங்கோல் ஆட்சி வீழ்ந்து, உள்நாட்டுச் சண்டை முடிந்து, கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியது. அப்போது, பழைய தீங்குகளை நினைவில் வைத்துப் பழி தீர்ப்பதில்லை என்று குடிமக்கள் சத்தியம் செய்துகொண்டார்கள். முப்பது பேரையும், வேறு சில அதிகாரிகளையும் மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். பொதுமன்னிப்பைக் குறிக்கும் 'அம்னெஸ்டி' என்ற சொல், மறதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நினைவிழக்கும் நோயை டாக்டர்கள் 'அம்னீஷியா' என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். 1961-இல் தொடங்கிய அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'சர்வதேச மன்னிப்புச் சபை' என்று எழுதுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கிரேக்கத்திலேயே இன்னொரு சொல். புதிய ஏற்பாட்டில் மன்னித்தலைக் குறிக்க வரும் 'அஃபியேமி'. அதன் நேர்ப் பொருள் விட்டுவிடுதல், அனுப்பிவிடுதல். கடனைத் தள்ளிவிடுவதும் அதுவே, ஒருவரை விட்டுப் போவதும் அதுவே. மன்னிப்பும் பிரிவும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. என் கதையும் அப்படித்தானே என்று தோன்றிய இடம் இது.

எந்தச் சொல்? எந்த இடம்?

'வெறும் வார்த்தைதானே, அதில் என்ன இருக்கிறது?' என்று யாராவது கேட்டால், இரண்டு சரித்திரங்களைச் சொல்லலாம்.

1914 மே மாதம் 'கோமகட்டா மாரு' என்ற கப்பல் 376 இந்தியப் பயணிகளுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையிறங்க விடவில்லை. இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தி வைத்து ஜூலையில் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கப்பல் வந்து நின்றபோது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். 2008-இல் கனடியப் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் மன்னிப்புக் கேட்டார். சீக்கிய சமூகத்தார் பலர் அதை ஏற்கவில்லை. 'அநியாயம் நடந்தது அரசாங்கத்தின் பேரால்; மன்னிப்பும் நாடாளுமன்றத்தில்தான் வர வேண்டும்' என்பது அவர்கள் வாதம். 2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். சொல் அதேதான், சொன்ன இடம்தான் வேறு.

இரண்டாவது, நம் எல்லோருக்கும் தெரிந்த ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13. அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர் மாண்டார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. நூறாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்னால், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. இங்கே இடம் சரி, சொல் இல்லை! 'வருத்தம்' என்பது மழை வந்ததற்குக்கூடப் படலாம். 'மன்னிப்பு' என்றால் செய்தது நான் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மன்னிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். சரியான சொல் வேண்டும். சரியான இடமும் வேண்டும்.

விடை தாருங்கள்

இனி அடுத்த சொல்லுக்கு வருவோம். 'விடை' என்றவுடன் மாணவர்களுக்கு ஞாபகம் வருவது விடைத்தாள். விடை என்றால் பதில். விடை என்றால் போவதற்கு அனுமதி. இரண்டுக்கும் தாய் 'விடு' என்ற வினை. கேள்வியைக் கட்டிலிருந்து விடுவிப்பது விடை. ஆளை விடுவிப்பதும் விடை. பெரியவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அப்போ உத்தரவு வாங்கிக்கறேன்" என்பார்களே, அந்த 'உத்தரவு' வடமொழி 'உத்தரம்' என்பதிலிருந்து வந்தது. உத்தரம் என்றாலும் பதில்தான். பதில் என்பது அனுமதியாகி, அனுமதி என்பது கட்டளையாகி, இப்போது உத்தரவு என்றால் கலெக்டர் போடுவது என்று ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'டேக் லீவ்' என்கிறோம். அந்த லீவ், போவது என்ற பொருளுடைய லீவ் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்று பொருள்படும் தனிச் சொல். ஆபீஸில் நாம் எழுதிக் கொடுக்கும் லீவ் லெட்டரில் இருப்பதும் அதே அனுமதிதான். ஆக விடைபெறுதல், உத்தரவு வாங்குதல், லீவ் எடுத்தல் மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. போகிறவன் முடிவு செய்துவிட்டால் போதாது. இருக்கிறவன் விட வேண்டும். பொறுத்தல் போலவே விடைபெறுதலும் ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல.

மற்ற தேசத்தார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். 'குட்பை' என்பது 'கடவுள் உங்களோடு இருக்கட்டும்' என்ற வாக்கியம் தேய்ந்து சுருங்கியது. பிரெஞ்சுக்காரரின் 'அத்யூ' கடவுளிடம் ஒப்படைக்கிறது. ஜப்பானியரின் 'ஸயோனாரா'வுக்கு மூலப் பொருள், 'அப்படித்தான் ஆக வேண்டுமென்றால்...' என்பது. வாக்கியம் பாதியில் நிற்கிறது. மீதியைச் சொல்லவில்லை.

நாம் என்ன சொல்கிறோம்? "போறேன்" என்று சொன்னால் பாட்டி வாயை அடைப்பாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடா!" மதுரையில் "வாரேன்", யாழ்ப்பாணத்தில் "போயிட்டு வாறன்". போவதைச் சொல்லும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சில பேச்சில் போவது கூட விழுந்துவிட்டு, வருவது மட்டுமே மிஞ்சுகிறது! சங்க காலத்தில் 'செலவு' என்றால் பயணம். தலைவன் பொருள் தேடக் கிளம்புவது செலவு. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தை நிறுத்துவது செலவழுங்குதல். இன்றைக்கு நாம் கையில் செலவோடு கிளம்புகிறோம். முகத்தைப் பார்த்துப் பயணத்தை நிறுத்துகிறவர்கள் குறைவு.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சித்திரைத் திருவிழாவில் சுந்தரேசுவரரோடு எப்போதும் உடன் எழுந்தருளும் அம்பாளின் பெயர் பிரியாவிடை. நம் ஃபேர்வெல் அழைப்பிதழ்களில் 'பிரியாவிடை' என்று அச்சடித்தபோது, பிரிந்து போகாத ஒருத்தியின் பெயர் அது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

போய் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பும் வீடு நம் வழக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். துக்க வீடு. அங்கே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு வரக் கூடாதே என்பதுதான் காரணம். அந்த வழக்கம் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு ஹாஸ்டல் அறையும், காலியான கட்டிலும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய படிக்கட்டும் கண்ணில் தெரியும். உயிரோடு இருந்த நண்பனின் அறையிலிருந்து, துக்க வீட்டிலிருந்து வருவது போல வந்திருக்கிறேன்.

ஒரு பேரிங்கின் பாடம்

பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள் அல்லவா? கொஞ்சமாவது எழுதிவிடுகிறேன்.

பாலத்தின் மேல்தளத்துக்கும் தூணுக்கும் நடுவே பேரிங் என்று ஒன்று வைப்போம். பெரும்பாலும் ரப்பரும் இரும்புத் தகடும் அடுக்கிய ஒரு கட்டை. கீழே போகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, மேலேயுள்ள பாரம் முழுவதையும் தாங்கித் தூணுக்கு அனுப்புவது. மற்றொன்று, மேல்தளத்தை நகர விடுவது. 30 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் உத்தரம், 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். ராத்திரி குளிர்ந்ததும் திரும்பி வரும். நகர விடாமல் இறுக்கிக் கட்டினால் விரிசல் விடும். நகர மட்டும் விட்டுத் தாங்காமல் இருந்தால் கீழே விழும். தாங்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

இத்தனை அகராதிகளைப் புரட்டி நான் தெரிந்துகொண்டதும் இவ்வளவுதான். பொறுத்தல் என்றால் தாங்குவது. விடை என்றால் விடுவது. ஒரு சிநேகிதம் நிற்பதற்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. போன பொருள் திரும்பி வரும் என்பதற்காகத்தானே அந்த 11 மில்லிமீட்டர் இடைவெளியை விட்டு வைக்கிறோம்!

தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது போல ஹாஸ்டலை விட்டு வெளியேறிவிடாதீர்கள். யாரிடம் பேச்சு நின்றிருக்கிறதோ அவன் அறைக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். மெஸ் அண்ணனிடமும், லேப் அட்டெண்டரிடமும், உங்களை ஃபெயிலாக்கிய வாத்தியாரிடமும் சொல்லிக்கொண்டு போங்கள். சொல்லாமல் விட்டால் அந்தப் பெட்டி வருஷம் போகப் போகக் கனக்கும்.

என் ரூம்மேட் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். பேர் கொடுத்தவர்கள் பட்டியலில் பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மலர் அவன் கையிலும் இருக்கும். ஆனால் இதை எழுதியதோடு மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நான் நினைக்கவில்லை. பூங்காவில் சொன்னதை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் சொன்னதாகக் கணக்கு எழுத முடியாது அல்லவா? தப்பு நடந்த இடம் டிபார்ட்மென்ட்டில் அந்த வைவா அறை. அங்கே அவனைக் கூட்டிக்கொண்டு போய், "கணக்குப் போட்டது நீதான்டா. பொறுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். அவன் சுமப்பானா, மாட்டானா என்பது அவன் இஷ்டம். கேட்க வேண்டியது மட்டும் என் வேலை.

அவன் என்ன பதில் சொன்னாலும், சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவனைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன்.

நண்பர்களே, உங்களிடமும் உத்தரவு வாங்கிக்கொள்கிறேன். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போய் வருகிறேன்!